தொட்டிச் செடிகளும் அணில்களும்: பெற்றோருக்குக் கடிதம்

கோத்தகிரி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வராந்தாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்த தொட்டிகளைப் பற்றி வீட்டில் புகார் வந்திருக்கும். பட்டாணி ஊன்றிய மறுநாளே மண் கிளறிக் கிடக்கிறது, விதையைக் காணோம். டேலியா கிழங்கு பாதி கடிபட்டுத் தரையில் கிடக்கிறது. "மருந்து வைத்துவிடலாமே சார்" என்று சிலர் சொல்லி அனுப்பினீர்கள். மருந்து வைக்கப் போவதில்லை.

பிள்ளைகள் மலை அணில் மேல் பழி போடுகிறார்கள். பாவம், அது மர உச்சியை விட்டுத் தரைக்கு இறங்குவதே அபூர்வம். பகலில் நம் தொட்டியில் கை வைப்பது, சில்வர் ஓக்கிலிருந்து இறங்கி வரும் கோடு போட்ட சின்ன அணில். புதிதாகக் கொத்திய மண் பொலபொலவென்று இருப்பதால், விதையைத் தோண்டித் தின்னவும் வசதி, கிடைத்த கொட்டையைப் புதைத்து வைக்கவும் வசதி. இரவில் தோண்டியிருந்தால் அது எலியாக இருக்கும்.

எலி மருந்து தின்ற எலியை ஆந்தையோ கீரியோ தின்றால் அதற்கும் ஆபத்து. அந்துருண்டை அதைவிட மோசம். ஒன்றாம் வகுப்புக் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். மிளகாய்த்தூள் தூவலாமே என்றால், காரம் அணிலுக்கு உறைக்கும்தான் (பறவைக்கு உறைக்காது). ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் பெய்கிற மழைக்கு அது ஒரு நாள் தாங்காது. காற்றடித்தால் பிள்ளைகளின் கண்ணில்தான் விழும்.

சரி, என்ன செய்யலாம்? அரை அங்குலக் கண் உள்ள கோழிவலை போதும். தொட்டியின் வாயைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, விதை ஊன்றியதும் மண்மேல் படிய வைத்து, ஓரத்தை உட்பக்கமாக மடித்து மண்ணுக்குள் செருகிவிட வேண்டும். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் அணில் அதன் வழியாகவே நுழைந்துவிடும். பட்டாணி முளை வலைக்கண் வழியாகத் தானே மேலே வரும். டேலியாவுக்குத் தண்டு பருக்கும் என்பதால், முளை தெரிந்ததும் அந்த இடத்தில் வலையை வெட்டி அகலமாக்கிவிடுவோம். வளர்ந்த செடிகளுக்கு வலை தேவையில்லை. எலுமிச்சை அளவு கூழாங்கற்களைத் தண்டைத் தொடாமல் பரப்பினால் தோண்ட இடம் இருக்காது, ஈரமும் நிற்கும்.

குரங்குக்கு இந்த வலையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அது வருவது செடிக்காக அல்ல, வராந்தாவில் சிந்தும் சோற்றுக்கும் பிஸ்கட்டுக்கும். அணிலும் முதலில் அதற்குத்தான் பழகுகிறது. இனி மதியச் சாப்பாடு கூடத்தில் மட்டும்தான். மிச்சத்தை டப்பாவிலேயே வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். வரும் வழியில் குரங்குக்குக் கடலை போடும் பழக்கத்தையும் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். காட்டெருமை வந்தால் தொட்டியாவது செடியாவது! அதனால் சாயங்காலம் கடைசியாகப் போகிறவர் கேட்டைத் தாழிட்டுவிட்டுப் போங்கள்.

கோழிக்கூண்டு கட்டி மிஞ்சிய வலை வீட்டில் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்து அனுப்புங்கள். துருப்பிடித்தது வேண்டாம். வெட்டாமல் சுருட்டியே அனுப்புங்கள். கம்பி முனை கையைக் கிழிக்கும் என்பதால் பையில் போடாமல் பெரியவர் யாராவது நேரில் கொண்டுவந்தால் நல்லது.

அன்புடன்,
தலைமையாசிரியர்