வாத்தியாரே, ஆளைக் கூப்பிடாதே

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதமும் கடலை மிட்டாய்ப் பார்சலும் ஒரே நாளில் வந்தன. கடிதம் என் கைக்கு வந்தது, மிட்டாய் வரவில்லை. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். பேரன் மட்டும் தின்றுவிட்டு, கோவில்பட்டித் தாத்தா அடுத்த பார்சல் எப்போது அனுப்புவார் என்று கேட்கிறான். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

குடியை விட்டவர்களின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு நீ தலைமை ஏற்றிருப்பது சந்தோஷம். ஆனால் நீ எழுதியிருக்கும் கவலையைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பத்துப் பேர் வருகிறார்கள், இரண்டு பழைய ஆட்கள் மட்டும் பேசுகிறார்கள், மற்றவர்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், இவர்களை எப்படிப் பேச வைப்பது என்று கேட்டிருக்கிறாய். பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தாயாம். எழுந்து நின்று, "இன்னைக்குக் கேக்க வந்தேன் சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்களாம். யோவ், அவர்கள் எழுந்து நிற்கிறார்கள் என்பதிலேயே விஷயம் தெரியவில்லையா? அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குப் பாடம் எடுத்தவன் நீ. கரும்பலகைக்குக் கூப்பிடுகிறாய் என்று பயந்திருப்பார்கள்.

ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை முதலில் நிறுத்து. பேசச் சொல்லி யாரும் பேசியதில்லை. பக்கத்தில் ஒருவன் பேசுவதைக் கேட்டுத்தான் நீயும் நானும் வாயைத் திறந்தோம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற நம் ஏ.ஏ. பிறந்த கதையை நாம் இருவரும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தலைமை நாற்காலியில் உட்காருகிறவன் அதில் ஒரு கட்டத்தை மட்டும் மறுபடி யோசித்துப் பார்க்க வேண்டும். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் குடியை நிறுத்தியது 1934 டிசம்பரில். அதற்குப் பிறகு சில மாதங்கள் நியூயார்க்கில் கண்ணில் பட்ட குடிநோயாளியையெல்லாம் உட்கார வைத்துப் பேசினார். ஒருவரும் தேறவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சில்க்வொர்த், உபதேசத்தை நிறுத்து என்று சொல்லி அனுப்பினார். 1935 மே மாதம் ஒஹையோ மாநிலத்து ஆக்ரனுக்கு ஒரு வியாபார விஷயமாகப் போனார். போன காரியம் கெட்டது. மேஃப்ளவர் ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார், ஒரு பக்கம் பாரில் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குப் போன் போட்டார். இந்த ஊரில் குடியை விட முடியாமல் தவிக்கிற ஆள் யாராவது இருந்தால் நான் அவரோடு பேச வேண்டும் என்று கேட்டார்.

கவனித்தாயா? குடிக்காமல் அன்றைய பொழுதைத் தாண்டப் பேசியாக வேண்டிய நிலையில் இருந்தவர் அவர்தான். அந்த டெலிபோன் வழியாகத்தான் தொடங்கியவர்களில் மற்றவரான டாக்டர் பாப் கிடைத்தார். ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற அம்மாவின் வீட்டில் சந்திப்பு. டாக்டருக்கு வர விருப்பமில்லை. பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். குடியைப் பற்றி அவரோடு பேசியவர்களில், குடித்துப் பார்த்த அனுபவத்திலிருந்து பேசிய முதல் மனிதர் பில்தான் என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த வருஷம் ஜூன் 10ஆம் தேதி டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள். ஏ.ஏ.வின் பிறந்த நாளாக நாம் கொண்டாடுவது அதைத்தான்.

இப்போது உன் கடிதத்தின் நாலாம் பக்கத்துக்கு வா. மச்சினன் மகன் கல்யாண வரவேற்பில், மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறந்து வைத்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், உன்னையும் கையைப் பிடித்து இழுத்தார்கள், டம்ளர் மூக்கு வரை வந்துவிட்டது, அப்பளம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன், வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்தபோது எனக்கே வயிறு கலங்கியது. இதைக் கூட்டத்தில் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய் என்று பந்தயம் கட்டுகிறேன். வாத்தியாருக்கே இப்படியா என்று நினைப்பார்கள் என்று கூச்சம். தலைமை ஏற்றவன் தேறியவனாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பு. அங்கே உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்கும் இருப்பது அதே கூச்சம்தான் ஐயா.

வருகிற செவ்வாய்க்கிழமை தொடக்கப் பிரார்த்தனை முடிந்ததும் வேறெதுவும் பேசாமல் அந்த அப்பளத்தைப் பற்றிச் சொல். ஐந்து நிமிடம் போதும். கடைசியில் "ஆகவே நண்பர்களே" என்று ஆரம்பிக்காதே. சொல்லிவிட்டு உட்கார். அப்புறம் யாரும் பேசவில்லை என்றால் பேசாமலே இருக்கட்டும். மூன்று நிமிடம் மௌனமாக இருந்தால் கூரை இடிந்து விழாது. அந்த மௌனத்தை நிரப்ப நீ வாயைத் திறந்தால் மட்டும் காரியம் கெட்டது.

அந்த இரண்டு பழைய ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் நல்லவர்கள், அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கூட்டமே இல்லை. ஆனால் வாரா வாரம் வயலை விற்ற கதை, தாலிக்கொடியை அடகு வைத்த கதை, சாக்கடையில் விழுந்து கிடந்த கதை. புதிதாக வருகிறவன் இதைக் கேட்டு என்ன நினைக்கிறான் தெரியுமா? நான் இன்னும் வயலை விற்கவில்லையே, அப்படியானால் எனக்கு அவ்வளவு முற்றவில்லை என்று நிம்மதியாகப் போய் ஒரு குவாட்டர் வாங்குகிறான். பெரிய கதை கேட்பவனை ஒதுங்க வைக்கும், சின்ன விஷயம் பக்கத்தில் இழுக்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவர், வேலை முடிந்து வரும் வழியில் கடை இருக்கிறது என்பதால் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிச் சுற்றி நடந்து வருகிறேன், வீட்டில் ஏன் லேட் என்று சண்டை, காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்த ஓர் ஆட்டோ டிரைவர், "எனக்கு அந்தத் தெருவுல சவாரி வந்தாலே வேணாம்னு சொல்லிடுறேன் சார்" என்று தானாக ஆரம்பித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பழைய ஆட்களிடம் தனியாகப் பேசிப் பார். போன வாரம் நடந்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேள். சம்பள நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாவு வீடு, சம்பந்தி விருந்து, இவற்றை எப்படித் தாண்டினார்கள் என்பது புதியவனுக்கு உடனே பயன்படும்.

சென்னையில் இல்லாத ஒரு சிக்கல் உனக்கு உண்டு. இங்கே கூட்டத்தில் பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்று எனக்குத் தெரியாது. உன் ஊரில் எதிரே உட்கார்ந்திருப்பவன் தங்கச்சி கொழுந்தனாராக இருப்பான், அல்லது வேலை பார்க்கிற கடை முதலாளியின் டிரைவராக இருப்பான். இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினால் மட்டும் அவனுக்கு நம்பிக்கை வராது. விஷயம் கசிவது பெரும்பாலும் கூட்டத்தில் இல்லை, முடிந்த பிறகு வெளியே டீ குடிக்கும்போதுதான். "பாவம்யா, அவன் பொண்டாட்டி போயிட்டாளாமே" என்று யாராவது இரக்கத்தோடுதான் ஆரம்பிப்பார்கள். அந்த இடத்தில் நீ பேச்சை வெட்டிவிட வேண்டும். முகத்தில் அடித்த மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

பதில் சொல்வதும் அப்படித்தான். ஒருவன் தட்டுத் தடுமாறி மனைவி பிறந்த வீட்டுக்குப் போன கதையைச் சொல்லி முடிக்கிறான். உடனே ஒருவர், மாமனார் காலில் போய் விழு என்கிறார். இன்னொருவர் வக்கீலைப் பார் என்கிறார். அடுத்த வாரம் அவன் வரமாட்டான். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் நேராகப் பதில் சொல்லாமலிருப்பது நம் கூட்டங்களில் பழைய வழக்கம், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். ஜப்பானில் தான்ஷுகாய் என்று குடி நிறுத்தியவர்களுக்கு ஓர் அமைப்பு இருக்கிறது. 1963இல் நாடு தழுவிய சங்கமானது. அவர்கள் பெயரை மறைப்பதில்லை, மனைவிமாரும் கூடவே உட்காருவார்கள், அந்த அளவில் நம்மிடமிருந்து வேறுபட்டவர்கள். ஆனால் அவர்களும் விவாதிப்பதில்லை. சொல்கிறவர் சொல்லிவிடுவார், கேட்கிறவர் கேட்டுக்கொள்வார், அத்தோடு சரி. உனக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தப்பான விடையைப் பார்த்தால் சிவப்பு மையைத் தேடும் கை உன்னுடையது.

ஜப்பான் பேச்சு வந்ததால் நீ கேட்ட இன்னொன்று. இரண்டு மூன்று பேரின் மனைவிமார் தாங்களும் உள்ளே உட்காரலாமா என்று கேட்கிறார்களாம். வழக்கமான கூட்டத்தைக் குடியை விட வந்தவர்கள் மட்டும் உட்காரும் மூடிய கூட்டமாகவே வைத்துக்கொள். மனைவிமார் கூட இருந்தால் ஆண்கள் பாதிதான் பேசுவார்கள். மாதம் ஒரு தடவை திறந்த கூட்டம் போடு, எல்லோரும் வரட்டும். ஆனால் அந்தப் பெண்களுக்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும். கணவன் கூட்டத்தின் வாசலில் காத்திருப்பது அதற்கு ஈடாகாது. பில் குடியை நிறுத்திக் கூட்டம் கூட்டம் என்று அலைந்த காலத்தில், சீக்கிரம் கிளம்பு என்று மனைவி லோயிஸை அவசரப்படுத்தினாராம். அந்த அம்மா கையில் இருந்த ஷூவைத் தூக்கி எறிந்து, நாசமாய்ப் போக உங்கள் கூட்டம் என்றாராம். அந்தக் கோபத்தை யோசித்துப் பார்த்தவர் பின்னால் 1951இல் குடும்பத்தாருக்காக அல்-அனான் தொடங்கினார். இங்கே அடையாறில் குடிநோய்க்கான டி.டி.கே. மருத்துவமனையை 1980இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதனும் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர்தான். உன் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுப் பார். அவர் இரண்டு பேரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தால் போதும்.

பேசாமலே இருப்பவர்களைப் பற்றியும் ரொம்பக் கவலைப்படாதே. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராக இருப்பதற்குத் தகுதி. ஏ.ஏ.வின் பன்னிரண்டு மரபுகளில் மூன்றாவது அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை, பேச்சுத் திறமையை நிச்சயம் கேட்கவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு சமையல்காரர் இருக்கிறார். பல வருஷம் ஒரு சொல் பேசவில்லை. ஹால் சாவி அவரிடம், டீ அவர் கையால். இன்றுவரை குடிக்காமல் இருக்கிறார். பேச வராதவனிடம் ஒரு வேலையைக் கொடு. பாய் விரிப்பது, டம்ளர் கழுவுவது, புதிதாக வருகிறவரைப் பஸ் ஸ்டாப்பில் இருந்து கூட்டி வருவது. பாதிப் பேர் கூட்டத்தில் சொல்லாததை அந்த நடைவழியில் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் பத்துப் பேர் நடுவில் கொட்டவும் கூடாது. திருட்டு, வேறு பெண் விவகாரம், அடிதடி வழக்கு என்று ஆரம்பிப்பது தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் தனியாக உட்கார்ந்து பேசலாம் என்று மெதுவாகச் சொல்லிவிடு. நம் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, செய்த தவறுகளை ஒரே ஒரு மனிதரிடம் சொன்னால் போதும் என்பது காரணத்தோடுதான்.

இதைவிட முக்கியம், புதிதாக வருகிறவன் நேற்றுத்தான் நிறுத்தினேன் என்று சொல்லி, உடம்பெல்லாம் வியர்த்து, கை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவனிடம் பகிர்வும் வேண்டாம், பிரார்த்தனையும் வேண்டாம். நெடுநாள் விடாமல் குடித்தவன் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துப் பிதற்றலும் இல்லாத உருவம் தெரிவதும் ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. நேரே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ. சாகப் போகிறேன் என்று யாராவது பேசினால் அதையும் வெறும் பகிர்வாகக் கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பாதே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ உன் போனில் பதிந்து வைத்துக்கொள். அன்று இரவு அவனுடன் யார் இருப்பது என்று முடிவு செய்த பிறகுதான் கூட்டம் கலைய வேண்டும்.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருகிறதா, கணக்கு எங்கே என்று கேட்பாய். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்று 2020இல் வந்தது. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏ.ஏ.வில் சேர்ந்து தொடர்ந்து போக வைப்பதற்கென்றே வகுத்த சிகிச்சை முறைகள், விடாமல் குடிக்காமல் இருப்பதில் மற்ற பேச்சுச் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தன என்று அதில் எழுதியிருந்தார்கள். வாயைத் திறந்தவன் தேறினான், மூடியவன் தேறவில்லை என்று அதில் எங்கும் சொல்லவில்லை. நாற்காலியில் வந்து உட்காருவதை முதலில் பார், பேச்சு தன்னால் வரும்.

சொல்ல வேண்டிய பெரிய செய்தியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கும்பகோணத்துக்காரர், இங்கே அம்பத்தூரில் வேலை. தாம்பரத்தில் மண்டபம். பத்திரிகை அடித்ததும் அனுப்புகிறேன். மாப்பிள்ளை வீட்டார் மேல்மாடியில் ஓர் அறை தனியாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுக்கவும் முடியவில்லை. பெண்ணைப் பெற்றவன் என்று என்னையும் அங்கே கூப்பிடுவார்கள். ஆகையால் நீ முந்தின நாளே வந்துவிடு. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். பந்தி மேற்பார்வை உனக்கும் எனக்கும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், அப்பளம் பொரிக்கிற இடம் பக்கம்தான். டிக்கெட் போட்டதும் ஒரு வரி எழுது. செவ்வாய்க்கிழமை என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி