உடையாமல் வந்த தட்டு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்த செய்தியைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முட்டிவலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்திவிடாதே, டாக்டரைப் போய்ப் பார்.

கிட்டப்பா என் வீட்டுக்கு வந்துவிட்டாரடா! அந்தக் கால நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய 'எவரனி' இசைத்தட்டு, ஆன்லைனில் வாங்கினேன். ஆடி மாதம் வரவழைத்த முதல் தட்டு வெறும் காகித உறையில் வந்து மூன்று துண்டாகக் கிடந்தது. இந்தப் பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை, பின்னால் வந்த பிளாஸ்டிக் எல்பி தட்டு போல வளைந்துகொடுக்காது, அப்பளமாக நொறுங்கும். அதனால் இந்தத் தடவை பணம் கட்டுமுன்பே விற்பவருக்குப் போன் போட்டேன். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, சுற்றித் துணி, பெட்டிக்குள் பெட்டி என்று சொல்லி வாங்கினேன். வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்து ஒரு போட்டோவும் அனுப்பச் சொன்னேன். மயிரிழை விரிசல் அப்போதுதான் தெரியும்.

ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு போட்டேன். முதலில் எண்ணெய் காயும் சத்தம் மாதிரி ஒரு இரைச்சல். பிறகு அந்தக் குரல். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை! 1933இல் போய்ச் சேரும்போது அவருக்கு வயது 27தான். அப்பா ஈசிசேரில் சாய்ந்து இதைத்தானே முணுமுணுப்பார்? அழுதுவிட்டேன்.

நீ கேட்ட 'ஹரிதாஸ்' போஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்படாதே. 'அசல் பழையது' என்று ஒருவர் சொன்னதை நம்பி நான் வேறொரு படத்தின் போஸ்டரை வாங்கினேன். போட்டோவில் மடிப்பெல்லாம் பழசாகவே தெரிந்தது. வந்ததும் கையால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. மடிப்புக்கோட்டையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள்! மறுபதிப்பு என்று சொல்லி விற்றிருந்தால் அதை மகிழ்ச்சியோடு மாட்டியிருப்பேன். பொய்தான் பொறுக்கவில்லை. நீ பின்பக்கத்துப் போட்டோவைக் கேள். நிஜ மடிப்பு என்றால் முதுகிலும் தெரியும்.

1931இல் வந்த 'காளிதாஸ்' சிடி யாரோ விற்பதாக எழுதியிருந்தாயே, வாங்கிவிடாதே. நம் முதல் பேசும்படத்துக்கு இன்று பிரதியே கிடையாது. அந்தக் காலத்து ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். பிழைத்ததிலும் எத்தனையோ சுருள்களை, ஃபிலிமில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காகவே அழித்தார்கள். கொட்டகை வாசலில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகம் இன்னும் யார் வீட்டுப் பரணிலோ கிடக்கிறது, படம் இல்லை. நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அந்தப் பாட்டுப் புத்தகங்கள் எங்கே கண்ணில் பட்டாலும், அட்டை கிழிந்திருந்தாலும் விடாதே.

உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தட்டுகள் இருந்தனவே, அவற்றை அடுக்கிப் படுக்கவைக்காமல் நிறுத்திவை. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதே, அரக்கு கரைந்துபோகும். எல்பி முள்ளில் போட்டும் பார்க்காதே. இந்தத் தட்டின் பள்ளம் அகலம், அதற்கு வேறு முள். என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. பஸ்ஸில் மேலே போடாமல் மடியிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
ராமு