முகம் சுளித்தால் பிடிக்கவில்லை என்று பொருளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டி வட்டாரத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ‘என் பிள்ளை காய்கறியைத் தொடவே மாட்டான்’ என்று தாய்மார்கள் சொல்லும் குறை, பிள்ளைக்கு விவரம் தெரிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

தாய் உண்பதன் வாசமும் சுவையும் பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் கலக்கின்றன. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு குடித்து வந்தால், குழந்தை பின்னர் கேரட் கலந்த கூழை அவ்வளவாக முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வதை சுவையையும் மணத்தையும் ஆராயும் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2001-இல் எழுதினர். பிள்ளை பெற்றவளுக்கு நாம் வைத்துத் தரும் பூண்டுக் குழம்பின் வாசமும் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாலில் ஏறிவிடும். குழந்தை அதற்காகப் பாலை மறுப்பதில்லை. அப்படியிருக்க, பத்தியம் என்று சொல்லிக் கீரையையும் காய்களையும் மாதக்கணக்கில் தாயின் தட்டிலிருந்து விலக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போது இன்னும் பெரிய தவறு நடக்கிறது. பருப்புச் சோற்றோடு மசித்த அரைக்கீரையை விரலால் எடுத்து வாயில் வைத்ததும், குழந்தை மூக்கைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, பாதியை நாக்கால் வெளியே தள்ளும். ‘பிள்ளைக்குப் பிடிக்கலை போல, விடு’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்ல, மறுவேளையே பாலில் பிஸ்கட் ஊறத் தொடங்கிவிடும். இனிப்பை நாடுவதும் கசப்பைத் தள்ளுவதும் பிறவியிலேயே வருபவை; கசப்பு பழகப் பழகத்தான் பிடிபடும். எட்டு நாள் தொடர்ந்து பீன்ஸ் மசியல் ஊட்டப்பட்ட குழந்தைகள், முகத்தைச் சுளித்துக்கொண்டே முதல் நாளைவிட அதிகமாக உண்டதை அதே மையத்தினரின் 2007 ஆய்வு காட்டியது. ஆகவே சுளிப்பைப் பார்த்துக் கிண்ணத்தை எடுக்காமல், அடுத்த வாய்க்கு வாய் திறக்கிறதா என்று தாய் கவனிக்க வேண்டும். தலையைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்தாமல் நிறுத்தி, மறுநாள் அதே கீரையை மீண்டும் கொடுக்க வேண்டும். இரண்டு வயதை ஒட்டிப் புதிய உணவை மறுக்கும் குணம் தானாகவே கூடுவதால், அதற்கு முந்திய மாதங்களை வீணாக்கக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது என்பது நமக்குப் பெருமை. அந்தச் சாம்பாரில் கிடக்கும் காயைப் பிள்ளை ஒதுக்காமல் உண்ண, பழக்கம் ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்க வேண்டும். எனவே, அங்கன்வாடிகளில் எடை பார்க்கும் நாள்களில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும், உடன் வரும் பாட்டிமார்களுக்கும் சேர்த்தே, கீரை மசியலை ஊட்டிக் காட்டி இதை விளக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.