ட்ராக் போடுறதுன்னா ரப்பர் விரிக்கிறது மட்டும் இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ரன்னிங் ட்ராக் போடுறாங்கன்னாலே சிவப்பா நீலமான்னு தான் முதல்ல பேச்சு, அடியில என்ன போடுறாங்கன்னு கேக்க ஆளே இல்ல. மேல வர்ற சிந்தெடிக் லேயர் சுமார் 13 மில்லிமீட்டர் தான், அதுக்குக் கீழ ஜல்லியும் தாரும் சரியா இறுகலன்னா ஒரே மழையில அங்கங்க உப்பிக்கிட்டு வந்துடும். தண்ணி உள்பக்கமா வடியணும், ஆனா குறுக்குச் சரிவு 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஓடுற திசையில 0.1 சதவீதம் தான், இதை லெவல் மெஷின் வச்சுப் பாக்காம கண்ணளவுல போட்டா உள் லேன்லயே குட்டை கட்டி நிக்கும்.

அளவும் அப்படித்தான். ஸ்டாண்டர்டு ட்ராக்னா நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவோட ஆரம் 36.50, லேன் அகலம் 1.22. முதல் லேன்ல 400 மீட்டரை உள் விளிம்புல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கணும் (இது தெரியாம கோடு போட்டுட்டு அப்புறம் அழிக்கிற கூத்தும் நடக்கத்தான் செய்யுது).

இடம் இல்லன்னா 200 மீட்டர் போடுங்க, தப்பே இல்ல. டெண்டர்ல மட்டும் வடிகாலுக்குத் தனியா பணம் ஒதுக்கச் சொல்லி எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்