ஹெல்மெட்டை அனுப்பவில்லை

தக்கலை
ஞாயிறு காலை

அன்புள்ள மக்களே,

திண்ணையில் விட்டுவிட்டுப் போன ஹெல்மெட்டை மதுரைக்குப் பார்சலில் அனுப்பச் சொன்னாய். அனுப்பப்போவதில்லை. மேலே ஒரு கீறல்தானே என்று நீ கேட்பாய். நேற்று மத்தியானம் அதை மடியில் வைத்து உள்துணியைக் கழற்றிப் பார்த்தேன். வலது காதுக்கு மேலே தெர்மோகோல் உள்ளே அமுங்கியிருக்கிறது. என் பெருவிரல் அந்தக் குழியில் அப்படியே பொருந்தியது. குழியின் ஓரத்தில் தலைமுடி கனத்தில் ஒரு வெடிப்பு. விரலை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆனது. வண்டியிலிருந்து விழுந்ததைப் போனில் சொன்னபோது நீ முழங்கால் சிராய்ப்பை மட்டும்தான் சொன்னாய்.

கணத்தாக்கு என்ற பாடத்தை உனக்கு நானேதான் நடத்தினேன். விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு; உந்தத்தில், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கி வருவதில், ஏற்படும் மாற்றமும் அதுவே. நியூட்டன் 1687-இல் இரண்டாம் விதியை எழுதியபோது முடுக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. தாக்கும் விசைக்கு ஏற்ப இயக்கம் மாறுகிறது என்றே எழுதினார். பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதில் உள்ள நேரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது எப்போதும் பெரிய வருத்தம்.

நம் தென்னை விளையில் 15 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுந்தால், தரையைத் தொடும்போது விநாடிக்கு 17 மீட்டர் வேகம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல். மணலில் விழுந்தது குழி பறித்துக்கொண்டு கிடக்கும். சிமென்ட் தளத்தில் விழுந்தது மேல்நாரான கதம்பையோடு பிளந்துவிடும். வந்த வேகம் ஒன்றுதான், நிற்கக் கிடைத்த நேரம்தான் வேறு.

உன் தலைக்கும் இதே கணக்கைப் போட்டேன், போடாமல் இருக்க முடியவில்லை. தலை சுமார் 5 கிலோ. ஆள் உயரத்திலிருந்து சாய்ந்து விழுந்தாலே விநாடிக்கு 6 மீட்டர் வேகம் வந்துவிடும். உந்தம் 30. வெறுந்தலை தார்ச்சாலையில் மோதி ஆயிரத்தில் 2 பங்கு விநாடியில் நின்றால் சராசரி விசை 15,000 நியூட்டன். ஒன்றரை டன் எடைக்குச் சமம். தெர்மோகோல் நசுங்கி அந்த நேரத்தை ஆயிரத்தில் 8 பங்காக நீட்டினால் 3,750 நியூட்டன். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு துண்டுதான் அது. அந்தத் துண்டுதான் உன்னை என்னிடம் திருப்பி அனுப்பியது.

சின்னமுட்டம் துறைமுகத்தில் படகு மோதாமல் இருக்கப் பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அதுவும் நேரத்தை நீட்டும் வேலைதான். ஆனால் டயர் அமுங்கியதும் பழையபடி எழும்பிவிடும், நாள் முழுக்க அடி வாங்கும். கூடவே படகைத் திருப்பித் தள்ளும். உன் தலையை அப்படித் தள்ளக் கூடாது. வந்த வழியே திரும்பினால் உந்த மாற்றம் இன்னும் கூடும், கணத்தாக்கும் கூடும். அதனால்தான் எழும்பாத பொருளை ஹெல்மெட்டுக்குள் வைக்கிறார்கள். ஒருமுறை நசுங்கிய இடம் நசுங்கியதுதான். அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் நீட்டிக் கொடுக்க அதனிடம் நேரம் மிச்சமில்லை.

உன் கணக்கில் 2,000 ரூபாய் போட்டிருக்கிறேன். வண்டி ஒர்க்ஷாப்பிலிருந்து வரும் முன்பே புதிது வாங்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. தாடை வாரை மாட்டாமல் ஓட்டினால் அது தலையில் இருந்தும் பயனில்லை.

பழையதன் வாரை அரிவாளால் அறுத்துவிட்டேன். யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. முழங்கால் காய்ந்துவிட்டதா? இன்று இரவு போன் செய்யும்போது அதைச் சொல்.

அம்மா