வலயத்துக்கு ஓர் அலுமாரி: வன்னியின் கல்விப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

துணுக்காய், கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்கு, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு, மடு வலயங்களின் மதிப்புக்குரிய கல்விப் பணிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் கேட்க வந்தது இதுதான்: புத்தாக்கப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, சோதித்த மின்னணுச் சாமான் வைத்த அலுமாரி, வலயத்துக்கு ஒன்று. மல்லாவிப் பக்கம் சின்னத் திருத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். முன்பு ரேடியோ, பிறகு ரீவி, இப்போது பெரும்பாலும் போன் சார்ஜரும் சோலார் பெட்டியும். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். புத்தாக்கப் போட்டி, விஞ்ஞானக் கண்காட்சி என்று அறிவித்தல் வந்தால், அடுத்த வாரமே என் கடை வாங்கில் நாலைந்து பேர் இருப்பார்கள். யானை வந்தால் மணி அடிக்கும் வேலி, மண் காய்ந்தால் தானே திறக்கும் தண்ணீர்க் குழாய். யோசனையில் ஒரு குறையும் இல்லை. சாமான்தான் இல்லை.

போன தவணையில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளை ஒருத்தி வந்தாள். தகப்பனின் மிளகாய்த் தோட்டத்துக்கு ஈரப்பத உணரி. சுவிசில் இருக்கும் சித்தப்பாவின் வங்கி அட்டையில், சீனத் தளம் ஒன்றில் மூன்று உணரிகள் ஓடர் செய்திருந்தாள். வந்து சேர ஐந்து கிழமை. "மாமா, தண்ணிக்குள்ள வைச்சாலும் அதே எண், வெயில்ல வைச்சாலும் அதே எண்" என்றாள். தான் எழுதிய நிரலில்தான் பிழை என்று நினைத்து இரண்டு இரவு நித்திரை முழித்திருக்கிறாள்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இந்த உணரியின் நடுவில் எட்டுக் கால் மின்னணுச் சில்லு (சிப்) ஒன்று இருக்கும், 555 என்ற பழைய நேரங்காட்டிச் சில்லு. அதிலே இரண்டு சாதி. ரிஎல்சி555 என்றால் 2 வோல்ற்றிலேயே ஓடும். என்ஈ555 என்றால் 4.5 வோல்ற்றாவது வேண்டும். பலகையில் மின்னழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் வைக்கும் ஒழுங்காக்கி கொடுப்பதோ 3.3 வோல்ற்தான். முதல் உணரியில் இருந்தது என்ஈ. அரை வயிற்றுக் கஞ்சியோடு வயலில் இறக்கினால் மாடு எப்படி உழும்? ஒழுங்காக்கியைத் தாண்டி ஒரு கம்பி பற்றாசு பிடித்து 5 வோல்ற்றை நேரே கொடுத்தேன். உயிர் வந்தது. இரண்டாவதில் வேறு வருத்தம்: ஒரு மெகா ஓம் தடையியின் ஒரு பக்கம் கிரவுண்டோடு சேரவேயில்லை. தண்ணீரில் இருந்து எடுத்து நெடுநேரமாகியும் "ஈரம், ஈரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாவது நல்லது. பார்வைக்கு மூன்றும் ஒரே அச்சு. விலையும் ஒன்றே.

அந்தப் பிள்ளை வேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது போட்டிக்கான திகதி முடிந்திருந்தது. அதுக்காக நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. திகதி திகதிதான். ஆனால் அந்த ஐந்து கிழமையையும் இரண்டு இரவையும் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே, ஆண்டுக்கு ஆண்டு, மறுபடி மறுபடி கொடுக்கத்தான் வேண்டுமா?

வெளிநாட்டுத் தளங்களில் வாங்கவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உணரிகளைப் பூட்டி, நிரல் ஏற்றி ஓட்டும் சின்னக் கணினிப் பலகையான ஆடுயினோவை எடுங்கள். 2005இல் இத்தாலியில் இவ்றேயா நகரத்து ஆட்கள் மாணவர்களுக்கென்று செய்தது. வரைபடத்தை எல்லாருக்கும் திறந்து விட்டார்கள். அதைப் பார்த்துச் சீனாவில் செய்யும் பலகை களவுச் சாமான் ஆகாது. இத்தாலிக்காரரின் பெயரையும் சின்னத்தையும் குத்தி விற்றால்தான் களவு. விலை மலிந்த பலகைகளில் யூஎஸ்பிக்குச் சிஎச்340 என்ற சில்லு இருக்கும். சில கணினிகளில் அதற்குத் தனி மென்பொருள் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் "பலகை செத்துப்போச்சு" என்று குப்பையில் எறிந்த பாடசாலையும் உண்டு. பெயர் வேண்டாம்.

பற்றரி வேறு கதை. 18650 என்ற விரல் தடிப்பு லிதியம் பற்றரியில் 9900 மில்லி அம்பியர் மணி என்று எழுதி விற்கிறார்கள். உலகத்தில் நல்ல கம்பனிகள் செய்வதே 3500, கூடிப்போனால் 4000 அளவில்தான் நிற்கிறது. தராசில் போட்டால் பாதிக் குட்டு வெளிக்கும்: ஒழுங்கான பற்றரி 45 கிராம் வரும், பொய்ப் பற்றரி கையில் வைக்கும்போதே பஞ்சு. தீப்பிடிக்கும் பயத்தால் தனி லிதியம் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே பற்றரியை உள்ளூரில், நிறுத்துப் பார்த்து வாங்குவதுதான் புத்தி. வானலை அனுப்பும் சாமான்களுக்கும் இதையே சொல்வேன். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டிய பொருளைப் பதினேழு வயதுப் பிள்ளை தன் பெயரில் வரவழைத்தால் பார்சல் வழியில் நிற்கும், பிள்ளையின் நிம்மதியும் அதோடு நிற்கும்.

காசுக் கணக்கும் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா. மே மாதம் அது 360ஐத் தொட்டது. 2 டொலர் உணரி ஒன்றுக்கே அந்த இடைவெளி 300 ரூபாவுக்கு மேல். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது சின்னக் காசில்லை. பிழையான சாமான் வந்தால் தளத்தில் முறையிட்டுக் காசைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் அதற்குக் கடைசித் திகதி உண்டு. "இன்னும் பத்து நாள் பொறுங்கள்" என்று விற்பவன் இனிக்க இனிக்க எழுதுவான். பொறுத்தால் அந்தத் திகதி போய்விடும். பார்சலைப் பிரிக்கும்போதே போனில் படம் பிடித்து வைக்கும்படி என்னிடம் வரும் பெடியளுக்கு ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அரைவாசிப் பேர் மறந்துவிடுவார்கள்.

ஒரு பழைய கதை சொல்ல விடுங்கள். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், எங்கள் பக்கம் சாமான் வரவிடாத பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் (ஏசி). அதை ரேடியோ ஏற்க வேண்டுமென்றால், ஒரு பக்கம் மட்டும் மின்னை விடும் இருவாயி (டயோட்) நாலு தேவை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிஸ்கட் ரின் இருந்தது. யாருடைய ரேடியோ செத்தாலும் அதன் இருவாயிகளையும் கொள்ளளவிகளையும் கழற்றிச் சோதித்து, நல்லதை மட்டும் அந்த ரின்னுக்குள் போடுவோம். தேவைப்பட்டவர் எடுப்பார். நான் தொழில் பழகியது அந்த ரின்னில்தான்.

இப்போது தடை இல்லை, கடை உலகம் முழுக்கத் திறந்திருக்கிறது, ஆனால் அந்த ரின் இல்லை. அதைத்தான் கேட்கிறேன். வலயத்துக்கு ஓர் அலுமாரி. பத்து ஆடுயினோ, இருபது முப்பது ஈரப்பத உணரி, வெப்ப உணரி, தூரம் அளக்கும் உணரி, ரிலே, கம்பிகள், ஒரு நல்ல பல்மானி (மல்ற்றிமீற்றர்). போட்டி அறிவித்தல் வருவதற்கு ஒரு தவணை முன்பே வாங்கி, ஒவ்வொன்றையும் சோதித்து, நல்லதில் பச்சை ஒட்டி. பிள்ளைகள் கையெழுத்து வைத்து எடுத்துப் போகட்டும். போட்டி முடிந்ததும் திரும்ப வரட்டும்.

உங்கள் கஷ்டமும் விளங்குகிறது. அரச காசென்றால் மூன்று விலைமனு வேண்டும், சீனக் கடைக்காரன் முத்திரை குத்தி விலைமனு அனுப்பமாட்டான். சரி, அப்படியானால் இறக்குமதி செய்து விற்கும் கொழும்புக் கடைகளிடம் கேளுங்கள். விலை இரண்டு மூன்று மடங்கு வரும், ஆனால் நாலைந்து நாளில் வரும், பிழையென்றால் தொலைபேசியில் பிடித்து ஏசலாம். மற்றது, வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் "என்ன வேண்டும்" என்று கேட்கும்போது நாம் எப்போதும் பாடசாலை வாசல் வளைவும் பாண்ட் வாத்தியமும்தான் சொல்கிறோம். ஒருமுறை இதைச் சொல்லிப் பாருங்கள். சோதிப்பதற்கு ஆள் தேடி அலையவும் வேண்டாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. மாணவர்கள் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவார்கள்.

துணுக்காய் வலயத்துக்கு நானே செய்து தருவேன், கூலி வேண்டாம். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பிறகு கடை சும்மாதான் கிடக்கும். விஞ்ஞான ஆசிரிய ஆலோசகர் ஒருவரைச் சாமானோடு அனுப்புங்கள். வரும்போது 5 வோல்ற் சார்ஜர் ஒன்றும் கொண்டுவரச் சொல்லுங்கள். என்னிடம் இருந்தது யாரோ ஒரு பெடியனின் யானை வேலியில் மாட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
மல்லாவியிலிருந்து ஒரு ரேடியோ திருத்துநர்