பேனா தாங்கியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வெள்ளிக் கொலுசு, இடுப்புச் சாவிக்கொத்து, பட்டுப் புடவைக் கரை இவற்றையெல்லாம் பேனா தாங்கி போன்ற மேசைப் பொருள்களாக்கி ஏற்காட்டில் விற்பதைப் பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்ததைப் படித்தோம். எடைக்குப் போட்டு உருக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் படத்தில் இருந்தவற்றில் பாதி, ஈயப்பற்று வைத்தும் பசை தடவியும் ஒட்டியவை. அங்கேதான் கோளாறு.

ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகும், வேலை சுலபம். பின்னாளில் ஒரு கண்ணி அறுந்து சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்குப் போனால், வெள்ளி கலந்த பற்று வைக்க 600 டிகிரிக்கு மேல் ஊத வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் வெள்ளிக்குள் இறங்கிக் கம்பியை அரித்து ஓட்டையாக்கிவிடும். ஒட்டு ஈயம் மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்த பிறகே நெருப்பில் காட்டலாம். நுணுக்கமான கொலுசில் அது நடக்கிற காரியமில்லை.

பேனா தாங்கியை ஒட்டாமலே செய்யலாம். 10 அங்குலக் கொலுசுக்கு, 10 செ.மீ. உயரமுள்ள கட்டையில், கீழ்ப்பகுதியில் 2 மி.மீ. ஆழத்துக்குச் சுற்றுப்பள்ளம் கடையுங்கள். பள்ளத்தில் விட்டம் 7.8 செ.மீ. இருக்கட்டும், சரியாக 8 வைத்தால் மழைக்காலத்தில் மரம் ஊதித் திருகாணியை இழுக்கும். கொலுசைச் சுற்றித் திருகாணியைப் போட்டால் போதும், நிற்கும். பேனாவுக்கு 6 செ.மீ. ஆழத்தில் துளை. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நல்ல கட்டைதான், ஆனால் ஈரம் காயாமல் கடைந்தால் பிளக்கும்.

அடியில் ரப்பரோ கம்பளித் துணியோ ஒட்டாதீர்கள். இரண்டிலும் கந்தகம் உண்டு. பக்கத்திலிருக்கும் வெள்ளி கறுத்துப்போகும். வெறும் பருத்தித் துணி போதும். கொலுசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்கிற பழக்கமும் இதே காரணத்தால் தவறு.

கறுப்பை எடுக்க நம் வீடுகளில் திருநீறு போட்டுத் தேய்ப்பார்கள். கெட்டி வெள்ளிக்குச் சரி, முலாமுக்கு ஆகாது. பற்பசை இரண்டுக்குமே வேண்டாம். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, வெள்ளி அதைத் தொடும்படி சில நிமிடம் வைத்தால் கறுப்பு இறங்கிவிடும். அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், கந்தகம்தான் வெளியேறுகிறது. வேலைப்பாடு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பள்ளங்களில் கருமை ஏற்றிய நகையை மட்டும் இதில் போடக்கூடாது. உள்ளே அரக்கு அடைத்த காப்பு என்றால் வெந்நீரே ஆகாது, அரக்கு இளகி ஒழுகும்.

சாவிக்கொத்துக்கு ஒரு வேலையும் வேண்டாம். அதன் அகலக் கொக்கியை டைரி அட்டையில் செருகினால் அடையாளக் குறி ஆயிற்று.

புடவைக் கரையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பவர்கள் கண்ணாடி ஜரிகையில் படும்படி வைக்கிறார்கள். ஏற்காட்டுப் பனிக்காலத்தில் உள்ளே வியர்த்து, ஜரிகை கறுத்து, பட்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நான்கு ஓரமும் 3 மி.மீ. தடிமனில் அட்டைச் சட்டம் கொடுத்து இடைவெளி விடுங்கள். கரையைப் பசையால் ஒட்டாமல், துவைத்துச் சுருக்கம் போன பருத்தித் துணியில் ஓரமாகத் தைத்தால் நாளைக்குப் பிரித்தெடுக்கலாம். மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை முறிந்திருக்கும். அதைத் தவிர்த்து நறுக்கவும்.

வாங்குபவர்களுக்கு இரண்டு வார்த்தை. சீமைச் சாமான் என்று தரும் பெல்ட் பக்கிளில் ‘ஈ.பி.என்.எஸ்.’ முத்திரை இருந்தால் அது வெள்ளி முலாம், அதற்கு வெள்ளி விலை கொடுக்காதீர்கள். தந்தப் பிடி போட்ட காகிதக் கத்தியைத் தொடவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானைத் தந்த வியாபாரம் குற்றம், பழசு என்பது சாக்காகாது.

அடுத்த முறை இப்படிப்பட்ட பொருளைப் படம் எடுத்தால், தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு படம் போடுங்கள். ஈயமா, பசையா, ரப்பரா என்று வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்